ஊட்டுப்புரைத் தோட்டத்து நர்ஸம்மா

அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் அதை எழுதியிருப்பார்கள். ஆனால் தோவாளையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மேலத்தெருவில் நர்ஸம்மா. கீழக்குடியில் அம்மை. பின்னாளில், அவர் காதில் விழாத இடத்தில், ‘அந்த உண்மைக்காரி’ என்றும் சிலர் சொன்னார்கள். பாராட்டாக அல்ல.

நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்த்ததும் ஒன்றும் பேசாமல் குனிந்து, கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார்.

“செவப்பாத்தான் இருக்கு. தம்பி வீட்டுல நல்ல சாப்பாடு” என்று சொல்லிவிட்டு, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். “இது சர்க்காருக்கு. வாங்கி வையுங்க.”

எதிரே வருகிற எவரையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். வேதக்கோயில் வாசலில் போதகரின் இமையைப் பார்த்திருக்கிறார். இருமலுக்கு மருந்து கேட்டுப் போன எங்கள் தாசில்தாரின் இமையையும் பார்த்தார் என்று கேள்வி. மிஷன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்தில் ஒற்றை அறையில் ஒரு கிளை இருந்தது. அங்கே அவர்தான் நர்ஸ், அவர்தான் மருத்துவச்சி, பெருக்கித் துடைப்பவரும் அவர்தான். ஏழெட்டு ஊர்ப் பிரசவங்களுக்கு நடந்தே போவார். மேலத்தெருப் பெண்கள் பிள்ளை பெற்று எழுந்துவிடுவார்கள். கீழக்குடிப் பெண்களில் பலர் எழுவதில்லை. சுற்றிலும் நெல்வயல்தான். அந்த நெல்லை நட்டு அறுப்பவர்கள் கீழக்குடியார். ஆனால் அவர்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுத் துண்டும்தான். இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம் போல வெளுத்திருக்கும்.

“மருந்து குடுத்தா தீருத சூக்கேடு இல்ல இது. கீரையும் காயும் வேணும். ஒரு துண்டு நிலமும் தண்ணியும் கிடைச்சா இதுல பாதிப் பேரு சாக வேண்டாம்” என்று என்னிடம் சொன்னார். அவர் கொண்டுவந்திருந்த விண்ணப்பம் அதைப் பற்றியதுதான்.

ஊருக்கு வெளியே, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரைக்கு அப்பால், ஒரு பழைய ஊட்டுப்புரை இருந்தது. முற்காலத்தில் சர்க்கார் செலவில் பிராமணர்களுக்குச் சோறு போட்ட இடம். சர்க்கார் அதை மூடிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. கூரை விழுந்து, சுவர் பாதி சரிந்து, நடுவில் ஒரு கிணறு தூர்ந்து கிடந்தது. அந்தப் புறம்போக்கு நிலத்தில் ஊர்ப் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் போட வேண்டும், கிணற்றைத் தூர் எடுக்கவும் வேலி கட்டவும் விதை வாங்கவும் சர்க்கார் கிராண்ட் தர வேண்டும் என்பது அவர் கேட்டது. இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு உதவி உண்டு என்று விவசாய இலாகாவிலிருந்து அப்போது ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அது யார் கண்ணிலும் படாமல் எங்கள் கச்சேரிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் பட்டுவிட்டது.

விண்ணப்பம் சரியான நடையில் இல்லை. நான் திருத்தி எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்தக் காலத்து விண்ணப்பங்கள் எப்படி இருக்குமோ அப்படியே எழுதினேன். ‘போக்கிடமற்ற ஏழையும் அநாதையுமான அடியாள், தங்கள் பாதங்களில் விழுந்து’ என்று தொடங்கினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டவர் கையை நீட்டித் தடுத்தார்.

“நான் அநாதை இல்ல தம்பி. எனக்கத் தம்பி கொட்டாரத்துல கடை வச்சிருக்கான். அத அடியுங்க.”

அடித்தேன்.

“ஏழையும் இல்ல. மாசம் பொறந்தா சம்பளம் வருது. அதையும் அடியுங்க.”

“அம்மா, இதெல்லாம் ஒரு வழக்கம். யாரும் நிசம்னு எடுத்துக்கிட மாட்டாவ.”

“நிசம்னு எடுத்துக்கிடாததை எதுக்கு எழுதணும்?”

காலிலும் அவர் விழவில்லையாம். கடைசியில் எஞ்சியது ஏழு வரி. எந்த ஊர், எந்த நிலம், எத்தனை வீடு, போன வருஷம் பிரசவத்தில் எத்தனை பெண்கள் செத்தார்கள், என்ன வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அந்த விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை.

அவருடைய அந்தக் குணம் என் வீட்டுக்குள்ளும் ஒரு நாள் வந்தது. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி கண்டும் பிள்ளை வரவில்லை. வேறு வழியில்லாமல் என் அம்மா நர்ஸம்மாவை அழைத்துவரச் சம்மதித்தாள். அவர் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்றாள். அவரும் அப்படியே வந்தார். நடுப்பகலில் பிள்ளை பிறந்தது. என் அம்மா கதவருகே நின்று ஆசையோடு கேட்டாள்.

“என்ன பிள்ளை?”

“ஆம்பிளப் பிள்ளை. தங்காது.”

அம்மா கத்திவிட்டாள். வாயைக் கழுவச் சொன்னாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். நர்ஸம்மா பிள்ளையைத் துணியில் சுற்றியபடியே பதில் சொன்னார். “மூச்சு சரியில்ல. நீங்க நாளைக்கு சோசியரக் கூப்பிட்டு ஜாதகம் எழுதி, பேரும் வச்சுட்டு அப்புறம் அழுவீங்கல்லா. அதுக்காக்கும் இப்பமே சொல்லுதேன்.”

ஆனால் அவர் போகவில்லை. மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தார். தான் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். பஞ்சில் நனைத்துப் பிள்ளையின் வாயில் பால் விட்டார். மூன்றாம் நாள் பிற்பகல் அது என் மனைவியின் மடியில் அடங்கியது. அவர் படியிறங்கியதும் என் அம்மா அவர் இருந்த இடத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு நடந்தார்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரை வெறுத்தேன். வெகுநாள் கழித்து என் மனைவி சொன்னாள்: “எல்லாரும் பிழைச்சிரும், பிழைச்சிரும்னு சொன்னாவ. நான் அவிய சொன்னதத்தான் நம்பினேன். அதனால மூணு நாளும் பிள்ளைய நான் கீழ வைக்கல்ல. இல்லேன்னா தொட்டில்ல போட்டுட்டு ஒறங்கியிருப்பேன்.”

கிராண்ட் வராவிட்டாலும் அவர் சும்மா இருக்கவில்லை. கீழக்குடிப் பெண்கள் எட்டுப் பேரையும், வடக்குத் தெருவில் கைம்பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஊட்டுப்புரை இடத்தில் கல்லைப் பொறுக்கி ஒதுக்கினார். சானலிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து தண்டங்கீரையும் வெண்டையும் போட்டார்கள். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து அத்தனையையும் சாய்த்தது. நிமிர்ந்ததை மாடு தின்றது. அடுத்த வருஷமும் போட்டார்கள். கோடையில் சானலை அடைத்தார்கள். எல்லாம் கருகியது. கிணறும் வேலியும் இல்லாமல் அங்கே எதுவும் நிலைக்காது என்று தெரிந்துவிட்டது. மறுபடியும் என் மேஜைக்கு வந்தார்.

கீழக்குடியில் இசக்கி என்று ஒரு பெண். இருபது வயதிருக்கும். இரண்டு பிரசவம், இரண்டும் செத்துப் பிறந்தவை. மூன்றாவது தரித்திருந்தது. அவளையும் கச்சேரிக்குக் கூட்டிவந்திருந்தார். அவள் வெளியே புளியமரத்தடியில் நின்றாள்.

“அந்தப் பிள்ளைக்க கண்ணப் பாருங்க தம்பி” என்றார். நான் எட்டியிருந்தே பார்த்தேன். நானும் அப்படித்தான் இருந்தேன் அப்போது. எங்கள் வீட்டுக் கிணற்றிலும் கீழக்குடியார் தண்ணீர் எடுத்ததில்லை. அது தவறு என்று எனக்கு அதுவரை தோன்றியதும் இல்லை.

இம்முறை தாசில்தார் விண்ணப்பத்தை வாசித்தார். நல்ல மனிதர், ஆனால் வம்பு வேண்டாம் என்று இருப்பவர். என்னைத் தனியாக அழைத்தார்.

“இது போகணும்னா ஒரு காரியம் இருக்கு. ஊட்டுப்புரைக் கிணறு யாருக்கு இருந்த கிணறு? அதுல கீழக்குடியார் கயிறு விட்டா மேலத்தெரு சும்மா இருக்குமா? அவிய கிணற்றத் தொட மாட்டாவ, சானல் தண்ணிதான் எடுப்பாவன்னு ஒரு வரி வேணும். அது இருந்தா நான் சிபாரிசு செய்யுதேன். இல்லேன்னா மேல அனுப்பியும் பிரயோசனம் இல்ல.”

நான் நர்ஸம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். எழுத்தில் ஒரு வரி இருக்கட்டும், நடப்பதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

“கெணறு வேண்டியதே அவியளுக்கு. அவிய தொட மாட்டாவன்னு எழுதிட்டு யாருக்குக் கெணறு கேக்குதோம்?” என்றார்.

எங்கள் பக்கம் அப்போது மலையாள சமஸ்தானத்தில் இருந்ததால், விண்ணப்பத்தை மேலே அனுப்பும்போது மலையாளத்தில் மொழிபெயர்த்து அனுப்ப வேண்டும். அது என் வேலை. நர்ஸம்மாவுக்கு மலையாள எழுத்து தெரியாது. அன்று மாலை மேஜை முன்னால் உட்கார்ந்து அவருடைய வரிகளை எழுதி முடித்துவிட்டு, தாசில்தார் சொன்ன வரியையும் சேர்த்து எழுதினேன். இசக்கியின் முகம் என் மனதில் இருந்தது என்று சொன்னால் அது பொய்யல்ல. தாசில்தாரின் முகமும் இருந்தது. நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

கிராண்ட் வந்தது.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அது ஒரு வருஷம்தான். கீழக்குடி ஆண்கள் கிணற்றுக்குள் இறங்கி இடிந்த செங்கலும் சேறும் அள்ளினார்கள். கப்பி மாட்டினார்கள். முள்கம்பி வேலி வந்தது. அகத்தி, முருங்கை, வழுதலை, புடலை, பசலை என்று எல்லாம் வந்தது. வேலை செய்த வீடுகளுக்கு முதல் பங்கு. மீதியில் கருவுற்ற பெண்களுக்கு, எந்தத் தெருவானாலும் சரி. சாயங்காலம் நான் சானல் கரைவழியே வீடு திரும்பும்போது அந்தப் பெண்கள் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்கும். என் வரியை நினைத்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்று எண்ணிக்கொள்வேன். மேலத்தெருவார் அந்தப் பக்கம் வருவதில்லை. கேள்விப்பட்டவர்களும் கண்டுகொள்ளவில்லை.

இசக்கிக்கு உயிரோடு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. நர்ஸம்மா அதைத் தூக்கிக்கொண்டு நேராகக் கச்சேரிக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று என்னை வெளியே அழைத்தார். “பாருங்க தம்பி, நீங்க எழுதின எழுத்துக்கு வந்தது இது” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தோட்டம் போதவில்லை. அடுத்த இரண்டு ஊர்ப் பெண்களும் கேட்டு வந்தார்கள். ஊட்டுப்புரைக்கு அடுத்தாற்போல் அதே புறம்போக்கில் இன்னொரு துண்டு நிலம் இருந்தது. அதை மேலத்தெருக் காரியக்காரர் தன் தென்னந்தோப்போடு சேர்த்து வளைத்துப் போட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரர் அவர். தோட்டத்தை விரிவாக்க இரண்டாவது கிராண்ட் கேட்டு நர்ஸம்மா எழுதிக் கொண்டுவந்த தாளில், ‘மேற்படி துண்டு சர்க்கார் நிலம், இன்னார் அதை வேலி கட்டி அனுபவித்து வருகிறார்’ என்று காரியக்காரரின் பெயரோடு இருந்தது.

“இத எழுதாதீங்க அம்மா. அவரு பகை வேண்டாம். வேற இடம் கேப்போம்.”

“வேற இடம் எங்க இருக்கு? பகை ஒண்ணும் இல்ல. அவரு வேலி கெட்டியிருக்காரு, அது உள்ளதுதானே?”

விண்ணப்பம் போனது. காரியக்காரருக்குச் செய்தி எட்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருக்குக் கச்சேரியில் வேண்டியவர்கள் உண்டு. பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் என் வரி இருந்தது.

விவசாய இலாகா அதிகாரி தோட்டத்தைப் பார்வையிட வந்த அன்று காலை பத்து மணி இருக்கும். வடக்கே இருந்து வந்தவர், அமைதியான மனிதர். தாசில்தார் என்னையும் கூட்டிப் போயிருந்தார். மேலத்தெருவிலிருந்து இருபது பேர் காரியக்காரருக்குப் பின்னால் நின்றார்கள். கீழக்குடிப் பெண்கள் குடத்தோடு வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். அதிகாரி பாத்திகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புடலங்காயைக் கையால் தூக்கிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அப்போது காரியக்காரர் சொன்னார்:

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு எஜமானே. ஒத்துக்கிட்ட நிபந்தனை நடக்குதான்னு மட்டும் கேளுங்க.”

அதிகாரி கோப்பைத் திறந்து அந்த வரியைத் தமிழில் சொன்னார். கீழக்குடியார் கிணற்றைத் தொட மாட்டார்கள் என்று விண்ணப்பத்தில் இருக்கிறது, அதன்பேரில்தான் கிராண்ட் கொடுக்கப்பட்டது என்றார்.

நர்ஸம்மா முதலில் புரியாதவர் போலப் பார்த்தார். “அப்பிடி நான் எழுதல்லியே” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நான் சொன்னேனா?”

நான் தாசில்தாரைப் பார்த்தேன்.

“யார் எழுதியது?” என்று அதிகாரி கேட்டார்.

“இந்தத் தம்பிதான் மொழிபெயர்த்தாரு. நான் சொன்னது ஒண்ணு, அவரு எழுதினது ஒண்ணு போலிருக்கு.” குரலில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அதிகாரிக்கும் தோட்டம் பிடித்திருந்தது. கோப்பை மூடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அம்மா, நடந்தது போகட்டும். இனிமேல் அப்படியே நடக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போய்விடுகிறேன்.”

இப்படி ஒரு வழி திறக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. தாசில்தார் தலையை ஆட்டினார். நான் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினேன். வேலியோரத்திலிருந்து இசக்கியே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

“அம்மே, சரின்னு சொல்லுங்க. நாங்க சானல்ல கோரிக்கிடுவோம்.”

“சானல அடைச்சா எங்கட்டி கோருவா?” என்றார் நர்ஸம்மா. அதிகாரியிடம் திரும்பினார். “இன்னைக்குக் காலையிலயும் இவியதான் தண்ணி கோரினாவ. நாளைக்கும் கோருவாவ. கெணத்துக்குள்ள எறங்கித் தூர் வாரினதும் இவிய ஆளுகதான். இல்லைன்னு என்னால சொல்ல ஏலாது ஐயா.”

மேலத்தெருக் கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது. அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

கிராண்ட் ரத்தானது. கிணற்றின் மேல் பலகை அடித்துச் சர்க்கார் முத்திரை வைத்தார்கள். பத்து நாளில் காரியக்காரரின் ஆட்கள் பலகையைப் பெயர்த்து, ஊட்டுப்புரைச் சுவரை இடித்து அந்தக் கல்லையும் மண்ணையும் கிணற்றுக்குள் தள்ளினார்கள். வேலிக்கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மாடுகளை உள்ளே ஓட்டினார்கள். அந்த வருஷம் கன்னிப்பூ நெல் அறுவடைக்குக் கீழக்குடியிலிருந்து ஒருவரையும் கூப்பிடவில்லை. வேறு ஊர்களிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். வேலை கேட்டுப் போன இசக்கியின் புருஷனைக் களத்தில் வைத்து அடித்தார்கள். வலது கை முறிந்தது. நர்ஸம்மாதான் கட்டுப் போட்டார். கூடவே, அந்தக் கை இனிக் கனமாக எதையும் தூக்காது என்று அவனிடமே சொல்லிவிட்டாராம்.

என்னைச் செங்கோட்டைக்கு மாற்றினார்கள். தண்டனை மாற்றம். தாசில்தார் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டார். புறப்படுமுன் நர்ஸம்மாவை நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிணறு இருந்திருக்கும், தோட்டம் இருந்திருக்கும், என் வேலையும் ஊரில் இருந்திருக்கும். அவருக்கு மனிதர்களைவிடத் தன் நாக்குச் சுத்தமாக இருப்பதுதான் பெரிது என்று செங்கோட்டையில் என் சக குமாஸ்தாக்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வருஷம் மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். அங்கிருந்து எழுதிய கடிதத்தில் இசக்கி செத்துப்போனாள் என்று இருந்தது. நான்காவது பிரசவம். பிள்ளை வெளியே வந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம். நர்ஸம்மா பக்கத்திலேயே இருந்திருக்கிறார். இசக்கியின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு, “எம்மே, எதனால இப்பிடி ஆச்சு?” என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் விதி என்றோ கடவுள் என்றோ சொல்வார்கள். நர்ஸம்மா சொன்னதை என் மனைவி அப்படியே எழுதியிருந்தாள்.

‘இவ உடம்புல இரத்தம் இல்ல. தோட்டம் இருந்திருந்தா இருந்திருக்கும். நான் அன்னைக்கு வாய மூடியிருந்தா தோட்டம் இருந்திருக்கும். அதனாலயாக்கும்.’

இசக்கியின் அம்மா அவர் முகத்தில் துப்பினாளாம். அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டு, பிள்ளையைக் குளிப்பாட்டினாராம்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு செங்கோட்டையில் நான் அவரைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

மூன்றரை வருஷம் கழித்து எனக்கு ஊருக்கே மாற்றல் கிடைத்தது. அதற்குள் சர்க்கார் கிணறுகள் எல்லாருக்கும் பொது என்று உத்தரவும் வந்துவிட்டிருந்தது. வந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸம்மா மிகவும் மெலிந்திருந்தார். முன்னால் நிற்பது நான் என்று அவருக்குத் தெரியச் சற்று நேரம் பிடித்தது. உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டு பேசினார்.

“நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க தம்பி. நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன். நாம ரெண்டு பேரும் சேந்து அந்த இசக்கிப் பிள்ளையக் கொன்னுட்டோம்.”

“காரியக்காரர விட்டுட்டீங்களே அம்மா.”

“அவரு கெட்டதுக்குச் செய்தாரு. அது அவரு பாடு. நான் நம்மளச் சொல்லுதேன்.”

பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, காகிதம் எடுக்கச் சொன்னார். உத்தரவு வந்துவிட்டதே, கிணற்றை மறுபடி தூர் எடுக்கலாமே, கிராண்டுக்கு இன்னொரு விண்ணப்பம் எழுதுங்கள் என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் இப்படி ஒரு வரி வந்தது: ‘முன்னர் இவ்விடத்தில் ஒரு தோட்டம் இருந்தது. அது அழிந்ததற்கு நானும் ஒரு காரணம்.’

பேனாவை வைத்துவிட்டேன். “இந்த வரி போனா இதுவும் போச்சு அம்மா. அவிய இதையே பிடிச்சுக்கிடுவாவ.”

“உள்ளதுதானே. இருக்கட்டும்.”

“அன்னைக்கு வாய மூடியிருந்தா இசக்கி இருந்திருப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? இப்பமும் மூட மாட்டீங்களா?”

அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பதில் சொல்லத் தாமதித்து நான் கண்டதில்லை. “எனக்கு அது வரல்ல தம்பி” என்றார் கடைசியில். “நொண்டிக்கு ஓட வராதது மாதிரி. வந்தா செய்ய மாட்டேனா?”

அதுவரை அவருடைய குணத்தை நான் ஒரு பெருமை என்றோ பிடிவாதம் என்றோதான் எண்ணியிருந்தேன். அது அவருக்கு ஒரு ஊனம் போல இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஊருக்குப் பயப்பட வேண்டியிருக்கும் என்று தெரிந்தும், ஆள் சாகும் என்று தெரிந்தும், அவரால் அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

இந்த முறை நான் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பினேன். அது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த இடத்தில் பிறகு தோட்டம் அமையவில்லை. காரியக்காரர் ஊட்டுப்புரை நிலத்திலும் தென்னை வைத்தார், அது அவருடைய பேரிலேயே பதிவானது. நர்ஸம்மா அடுத்த வருஷம் பேதியில் போனார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்த நாள்தான்.

பதிலை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கீழக்குடியில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். நானும் அங்கே போனேன். அந்தக் குடியிருப்புக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுவே முதல் தடவை. ஓலைக் குடிசை ஒன்றின் முன்னால் வெயிலில் பெண்கள் கூடி நின்றார்கள். யாரோ உள்ளே போய்ச் சொன்னார்கள். அவர் குனிந்து வெளியே வந்தார். கை முழங்கை வரை ஈரமாக இருந்தது.

“வாசிங்க” என்றார்.

மலையாளத்தை அங்கேயே தமிழாக்கிச் சொன்னேன். முன்பு இருந்த தோட்டம் அழிந்ததற்குத் தாமே காரணம் என்று விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டிருப்பதால், அவர் பொறுப்பில் மறுபடியும் கிராண்ட் கொடுப்பதற்கில்லை என்று இருந்தது.

“நானும்னுல்லா சொன்னேன்” என்றார் மெதுவாக. சற்று யோசித்தார். “வேற யாரு பேருலயாவது கேட்டா குடுப்பாவளா?”

“கேட்டுப் பாக்கலாம் அம்மா.”

“இசக்கிக்க அம்மைக்க பேருல எழுதுங்க. நான் சாயங்காலம் அவகிட்டக் கேக்குதேன். துப்பினாலும் துப்புவா. கேட்டுப் பாக்குதேன்.”

உள்ளேயிருந்து ஒரு பெண் “அம்மே!” என்று கத்தினாள். அவர் சட்டென்று திரும்பிக் குனிந்து உள்ளே போனார். வாசலில் சேலையைத் தொங்கவிட்டு மறைத்தார்கள். நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூடியிருந்த பெண்கள் பேசுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். நானும் காது கொடுத்தேன். வெயில் தலைக்கு மேலிருந்து மேற்கே சாயும்வரை அங்கே நின்றேன். பிள்ளை அழும் சத்தம் கேட்கவில்லை.